ரப்பர் படாத நோட்டு

மூலக்குளம்,
புதுச்சேரி.
ஜனவரி 25, ஞாயிறு காலை

அன்புள்ள குழலிக்கு,

எழிலரசன் எழுதுவது. நானும் பாப்பாவும் சுகமாக இருக்கிறோம். மிக்ஸிதான் சுகமில்லை. பொங்கலன்று வடைக்கு அரைக்கும்போது புகைந்தது, அன்றிலிருந்து நம் வீட்டில் சட்னி இல்லாத இட்லிதான். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தையல் மிஷினில் குனிந்து குனிந்து வந்த கழுத்து வலி இப்போது எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை.

தினமும் போனில் மூஞ்சியைக் காட்டுகிற மனுஷன் திடீரென்று காகிதம் எழுதுகிறானே என்று நீ சிரிப்பாய். போனில் உன்னிடம் ஒரு விஷயத்தை முழுதாகச் சொல்லி முடித்தவன் இந்த உலகத்தில் எவன்? நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீயே சொல்லி, அதற்குப் பதிலும் சொல்லி, கோபமும் பட்டு முடித்துவிடுவாய். காகிதத்தை நடுவில் நிறுத்த முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். நம் தெருவுக்கு மீன் கொண்டுவரும் வைத்திக்குப்பத்து ரஞ்சிதம் அக்காவின் மகன் விமல்ராஜ், லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறான். நெத்திலிக் கருவாடும் இந்தக் கவரும் அவன் கையில் வரும். இரண்டையும் தனித்தனியாகத்தான் கட்டியிருக்கிறேன். அப்படியும் கடிதத்தில் வாசனை வந்தால் என்னைத் திட்டாதே, விமல்ராஜைத் திட்டு.

கவருக்குள் மூன்று பக்கத்தில் ஒரு படிவம் இருக்கும். அதை இப்போது எடுக்காதே. முதலில் இதைப் படித்து முடி. எனக்காக இந்த ஒரு தடவை வரிசைப்படி செய்.

விஷயம் பாப்பாவின் டெஸ்ட்தான். டிசம்பரில் அவளுடைய கணக்கு வாத்தியார் நாராயணசாமி சார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார் என்று சொன்னேன் இல்லையா? அவர் என்ன சொன்னார் என்பதை உன்னிடம் பாதிதான் சொன்னேன். "வாயால கேட்டா எல்லாத்துக்கும் பதில் சொல்றா சார். பேப்பர்ல பாதிப் பக்கம் தாண்ட மாட்டேன்றா. படிக்கறதுல, எழுதறதுல மட்டும் சில பிள்ளைங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கும், சோம்பேறித்தனம் இல்ல அது. ஒருதடவ டெஸ்ட் எடுத்துப் பாத்துடுங்க" என்றார். இதுவரை உனக்குத் தெரியும். அதோடு இன்னொன்றும் சொன்னார். அதைப் பின்னால் சொல்கிறேன். பாப்பாவும் ஒன்று சொன்னாள். வீட்டுக்கு வரும் வழியில் வண்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "பத்தாவது வேணாம்பா. இதோட நின்னுடறேன். உங்க கம்பெனிலயே வந்து பாட்டில் மூடி பொறுக்கறேன்" என்றாள். நான் வண்டியை ஓரம்கட்டிவிட்டேன், குழலி. நாம் இரண்டு பேரும் இரண்டு தேசத்தில் கிடந்து உழைப்பது அவள் மூடி பொறுக்குவதற்கா?

அதனால் ஜனவரி ஐந்தாம் தேதி லீவு போட்டுவிட்டு அவளைக் கோரிமேட்டுப் பக்கம் ஒரு மையத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே வினோதா மேடம் என்று ஒருவர். முப்பது வயதுகூட இருக்காது, காலில் ஓட்டப்பந்தய ஷூ, மேஜையில் சமையலறையில் வைக்கிற டைமர் ஒன்று. ஊசியோ ஸ்கேனோ இருக்கும் என்று பயந்துகொண்டு போனேன். ஒன்றும் இல்லை. விளையாட்டுச் சாமான் கடை மாதிரி இருந்தது. சிவப்பும் வெள்ளையுமாகச் சதுரக் கட்டைகளைக் கொடுத்து, அட்டையில் இருக்கிற மாதிரி அடுக்கச் சொன்னார். எண்களைச் சொல்லி, அதையே பின்பக்கமிருந்து திருப்பிச் சொல்லச் சொன்னார். அர்த்தமே இல்லாத வார்த்தைகளை எழுதி வைத்துப் படிக்கச் சொன்னார். ஒரு பத்தியைப் பார்த்து எழுதச் சொன்னார், டைமர் ஓடியது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? என்னை வெளியில்தான் உட்கார வைத்தார்கள். கதவில் ஒரு கண்ணாடித் துண்டு இருந்தது. எனக்குத்தான் எதைக் கண்டாலும் நோண்டிப் பார்க்கிற புத்தியாயிற்றே! மூன்றாவது தடவை எட்டிப் பார்த்தபோது அந்த மேடம் கதவைத் திறந்து, "சார், டெஸ்ட் உங்களுக்கா பாப்பாவுக்கா?" என்று கேட்டார். எனக்கும் ஒன்று வைத்துப் பாருங்களேன் என்று வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். பாப்பா உள்ளேயிருந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பள்ளிக்கூடம் சம்பந்தமான ஓர் இடத்தில் அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று!

திரும்பி வரும்போது இந்திரா காந்தி சிலை சிக்னலில் நின்றோம். முன்னால் நின்ற பஸ்ஸின் நம்பரைக் காட்டி, பின்பக்கமிருந்து சொல்லேன் பார்ப்போம் என்றேன். நேராகப் படித்தாள். கண்ணை மூடிக்கொண்டு திருப்பிச் சொல்லச் சொன்னால் இரண்டு எண்ணுக்குமேல் வரவில்லை. நான் கடகடவென்று சொல்லிவிட்டேன். ஜெயித்ததும் சே என்று ஆகிவிட்டது எனக்கு. அப்போதுதான் அவளிடம் ஒன்று கேட்டேன். எழுத உட்கார்ந்தால் உனக்கு உள்ளே என்னதான் ஆகிறது என்று. அவள், "வாய்ல இருக்கறப்ப முழுசா இருக்குப்பா. கைக்கு வர்றதுக்குள்ள பாதி கொட்டிப்பூடுது. எந்தக் கொம்பு போடறதுன்னு யோசிக்கறதுக்குள்ள அடுத்த வார்த்த மறந்துபூடுது" என்றாள். பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கிறான், நான் வண்டியை எடுக்கவே இல்லை. ஒன்பது வருஷமாக நீயும் நானும் அவளிடம் ஏன் எழுதவில்லை என்று ஆயிரம் தடவை கேட்டிருப்போம். எழுதும்போது என்ன ஆகிறது என்று ஒரு தடவையாவது கேட்டோமா? கேட்டிருந்தால் ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லியிருப்பாளோ என்னவோ.

வீட்டுக்காரர் தெய்வசிகாமணி ஐயாவிடம் இதைச் சொன்னேன். அவருக்கு பிரெஞ்சு பென்ஷன் வருகிறதோ இல்லையோ, எதற்கும் பிரான்சில் ஒரு பதில் வைத்திருப்பார். "என் தங்கச்சி பேரனுக்கும் இதேதான்டா. அங்க இதுக்குன்னே ஒர்த்தோபோனிஸ்த்னு ஒருத்தர்கிட்ட அனுப்புவாங்க. இப்ப அவன் ரயில் ஓட்டறான்" என்றார். ரயில் ஓட்டுகிறானோ ரயிலில் போகிறானோ தெரியாது. ஆனால் கேட்கத் தெம்பாக இருந்தது.

டெஸ்ட் எடுத்த அன்றைக்கே வினோதா மேடம் என்னிடம் இரண்டு விஷயம் கேட்டார். ஒன்று, அம்மா நிரப்பவேண்டிய படிவம். இரண்டு, பாப்பா தன் கையால் எழுதிய பழைய நோட்டுகள், சின்ன வகுப்பிலிருந்து எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவும். ஏன் என்று கேட்டேன். "அம்மா வெளிநாடு போயிருக்காங்கன்னு சொன்னீங்க. வீடும் மாறியிருக்கீங்க. அதுக்கப்புறம்தான் இப்படி ஆச்சா, இல்ல சின்னதுலேர்ந்தே இருக்குதான்னு எனக்குத் தெரியணும் சார். ரெண்டுக்கும் வழி வேற வேற" என்றார். அவள் ஒன்று இரண்டு படித்தபோது நான் டபுள் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு மாறும்போது பழைய நோட்டையெல்லாம் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டாயிற்று. இப்போது வீட்டில் இருப்பது ஆறாம் வகுப்பிலிருந்து இருக்கிற நோட்டுகள்தான். அடுக்காக, அட்டை போட்டு, லேபிள் ஒட்டி இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட அந்த மேடத்திடம் கொண்டுபோக என்னால் முடியவில்லை.

நடுவில் கம்பெனிக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சம்பந்தம் இருக்கிறது. தட்டாஞ்சாவடியில் எங்கள் மூன்றாம் நம்பர் மிஷினில் மண்ணாங்கட்டி என்று ஒரு ஆபரேட்டர். அவனுடைய பாட்டில் மூடிகளில் ரிஜெக்டே வருவதில்லை. எல்லா மிஷினிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று தள்ளுபடி ஆகும், அவனுடையதில் ஒன்றுகூட இல்லை. எனக்குச் சந்தேகம். போய்ப் பார்த்தால், மூடியின் ஓரத்தில் பிசிறு வருகிறது. இவன் சத்தமில்லாமல் பிளேடால் சீவிச் சீவித் தொட்டியில் போட்டுக்கொண்டிருக்கிறான். இரண்டு வாரமாக இப்படி. மூடி வார்க்கிற மோல்டில் விரிசல் விட்டு, அது பெரிதாகி, கடைசியில் மோல்டையே கழற்றி வெளியூருக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. நான் ஷெட்டே அதிரக் கத்தினேன். "தப்பக் காட்டுனாத்தானடா எங்க விரிசல்னு தெரியும்! நீ சீவி அழகாக்கி வெச்சா நான் எப்பிட்றா கண்டுபுடிக்கறது?" அவன் தலையைக் குனிந்துகொண்டு, "நல்லதுக்குத்தான் சார் செஞ்சேன். நீங்க வருத்தப்படுவீங்கன்னு" என்றான்.

இது ஜனவரி பத்தாம் தேதி, சனிக்கிழமை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணினாய். டெஸ்ட், படிவம் என்று நான் ஆரம்பித்தவுடன், "என் பொண்ணுக்கு ஒண்ணுமில்ல. ஊனம்னு சீட்டு எழுதிக் குடுத்துடுவாங்க, காலத்துக்கும் நிக்கும். முத்து முத்தா எழுதறா, வாராவாரம் போட்டோ அனுப்பறீங்களே, அந்த நோட்ட நீங்க பாக்கறீங்களா இல்லியா?" என்று கேட்டாய். சிக்னல் சரியில்லை, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

குழலி, அந்த எழுத்து பாப்பாவுடையது இல்லை. என்னுடையது.

நாராயணசாமி சார் சொன்னதில் நான் மறைத்த பாதி இதுதான். "வீட்டு நோட்டும் பரீட்சைப் பேப்பரும் ரெண்டு பேர் எழுதுன மாதிரி இருக்கு சார்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மனுஷன். என் காது இரண்டும் எரிந்தது.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். நீ போன முதல் மாதம். ஆறாம் வகுப்பு. வரலாற்றில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தாள். சோறு ஆறிப்போனது, அழுகிறாள், நாலு வரிகூட வரவில்லை. இந்த ஒரு பக்கம் மட்டும் நான் எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கினேன். அவள் சொல்லச் சொல்ல, பிள்ளை எழுத்து மாதிரி குண்டு குண்டாக எழுதினேன். அதில் பொய் இல்லை, பதில் எல்லாம் அவளுடையதுதான், அவ்வளவும் அவள் மண்டையில் இருந்தது. மறுநாள் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன். நீ பதிலுக்கு அனுப்பின குரல் பதிவு ஞாபகம் இருக்கிறதா? புது ஊரில் அழுதழுது தொண்டை கட்டியிருந்தவள், அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தாய். கூட வேலை செய்கிற பெண்களிடமெல்லாம் காட்டினேன் என்றாய். அதற்கப்புறம் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. மூன்றரை வருஷம். கடைசிக் கடைசியில் அவள் சொல்லாததையும் சேர்த்து எழுத ஆரம்பித்துவிட்டேன், நன்றாக இருக்கட்டுமே என்று.

திட்டு. ஆனால் படிப்பதை நிறுத்தாதே. இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

போகியன்று வீட்டை ஒழித்தோம். பழைய பாயைத் தூக்கிப் போட்டுவிட்டு, பூஜை அலமாரியைத் துடைக்க ஸ்டூல்மேல் ஏறினேன். சாமி படங்களுக்குப் பின்னால் மஞ்சள் துணியில் கட்டின பொட்டலம் ஒன்று இருந்தது. என்ன இது என்று அவிழ்க்கப் போனேன். பாப்பா ஓடிவந்து, "அத்தத் தொடாதப்பா, அது சாமிக்கு எழுதுனது!" என்று கத்தினாள்.

உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். உன்னுடைய விஜயதசமி நோட்டு.

எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. சரஸ்வதி பூஜைக்குப் புத்தகத்தையெல்லாம் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் எடுத்து ஒரு பக்கம் எழுதவேண்டும் என்று யூகேஜியிலேயே ஒரு புது நோட்டு வாங்கி வைத்தாய். மற்ற நோட்டில் எல்லாம் நீ ரப்பரும் கையுமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து, காகிதம் ஓட்டையாகிற வரைக்கும் அழித்து அழித்து எழுதவைப்பாய். அந்த ஒரு நோட்டில் மட்டும் ரப்பர் படக்கூடாது. "சாமி முன்னாடி எழுதனது எப்பிடி இருந்தாலும் அப்பிடியே இருக்கட்டும்" என்பாய். எழுதி முடித்ததும் துணியில் கட்டி உள்ளே வைத்துவிடுவாய், அடுத்த வருஷம்தான் திறப்பது. நீ போன பிறகும் பாப்பா நிறுத்தவில்லை, குழலி. ஒவ்வொரு விஜயதசமிக்கும் நான் வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வெளியில் நிற்பேன், அவள் உள்ளே உட்கார்ந்து எழுதிக் கட்டி வைத்திருக்கிறாள். யூகேஜியிலிருந்து ஒன்பதாவது வரைக்கும் பத்து வருஷம், பத்துப் பக்கம், ஒவ்வொன்றின் தலையிலும் மஞ்சள் பொட்டு, தேதி.

இதை மேடத்திடம் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். பொட்டலத்தை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம், "குடுக்கறேன். ஆனா ஒரு பக்கத்த மட்டும் நீ படிக்கக் கூடாது" என்றாள். எந்தப் பக்கம் என்று கேட்டால் அதையும் சொல்ல மாட்டாளாம். நோண்டுகிற புத்திக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா? ஆறு நாள் அந்தப் பொட்டலம் வீட்டில் இருந்தது. நான் தொடவில்லை. நம்பு.

போன செவ்வாய்க்கிழமை மையத்துக்குப் போனோம். வினோதா மேடம் துணியை அவிழ்த்து, பக்கம் பக்கமாகத் திருப்பினார். பென்சிலின் பின்பக்கத்தால் ஒவ்வொரு வரியையும் தொட்டுக்கொண்டே போனார். பக்கத்தில் அன்றைக்கு டெஸ்ட்டில் பாப்பா எழுதின தாளை வைத்துக்கொண்டார். இரண்டாம் வகுப்புப் பக்கத்தைப் பார்க்கிறார், தாளைப் பார்க்கிறார். நான்காம் வகுப்பைப் பார்க்கிறார், மறுபடி தாளைப் பார்க்கிறார். கடைசியில் நிமிர்ந்து, "சார், இதத்தான் நான் தேடிக்கிட்டு இருந்தேன். எல்லா வீட்லயும் அழகா எழுதுன நோட்டத்தான் பத்திரமா வெப்பாங்க. இப்படி ஒண்ணு எனக்கு வந்ததே இல்ல. யாரு இத ஆரம்பிச்சது?" என்று கேட்டார். அவங்க அம்மா என்றேன். இவ்வளவு பெருமையாக நான் அதைச் சொல்லி நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

ஒரு பக்கத்தில் மட்டும் அவர் நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார். பாப்பாவுக்குப் புரிந்துவிட்டது. "நானே படிக்கறேன் மேடம்" என்று நோட்டை வாங்கிக்கொண்டாள். ஆறாம் வகுப்பு, நீ போன வருஷத்துப் பக்கம். ஐந்தே வரி. அவள் எழுதினதையே அவள் விரலை வைத்து வைத்துப் படித்தாள். படித்ததை அப்படியே சொல்கிறேன். "சாமி, எனக்கு எழுத வரல. நோட்டு எல்லாம் அப்பா எழுதறாரு. அம்மாகிட்ட சொல்லிடாத. அம்மா சந்தோசமா இருக்கு. எனக்கு எழுத வெச்சிடு, அப்பறம் நானே சொல்லிடறேன்."

படித்து முடிக்க ஒன்றரை நிமிஷம் ஆகியிருக்கும். டைமர் ஓடவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன், வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல்.

பதினோரு வயதுப் பிள்ளை, குழலி. உன்னை நான் ஏமாற்றுகிறேன் என்பதையும், அதை உனக்குச் சொன்னால் நீ அழுவாய் என்பதையும், என்னை மாட்டிவிடவும் கூடாது என்பதையும் சேர்த்து, சாமியிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டு மூன்று வருஷம் மூட்டை கட்டி வைத்திருக்கிறாள். அந்த மேடத்துக்கு முன்னால் அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது. பாப்பா என் முதுகில் தட்டி, "உடுப்பா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். அறையில் மொத்தம் மூன்று பேர்.

முடிவைச் சொல்கிறேன். அறிவில் ஒரு குறையும் இல்லை, கட்டை அடுக்கினதிலும் வாயால் சொன்னதிலும் வயதுக்கு மேலேயே இருக்கிறாளாம். படிப்பதும் எழுதுவதும் மட்டும் அவளுக்கு வேறு விதமாக நடக்கிறது. ஊனம், மனநோய் என்று நீ பயந்த மாதிரி எதுவும் இல்லை. அதற்குக் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்று பெயர் எழுதுவார்கள். சான்றிதழ் கொடுத்தால் பரீட்சையில் கூடுதல் நேரம் தருவார்கள், அவள் சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆள் தருவார்கள். வாரத்தில் இரண்டு நாள் அவளுக்கு ஏற்ற மாதிரி சொல்லிக்கொடுக்க வகுப்பும் இருக்கிறது. சரியாகிவிடுமா என்று கேட்டேன். "காணாமப் போகாது சார். ஆனா அத வெச்சிக்கிட்டே அவ எங்க வேணா போகலாம்" என்றார்.

பாப்பா உடனே ஒரு சந்தேகம் கேட்டாள். "எனக்கு எழுத வர்றவங்க நான் சொல்றத மட்டும்தான எழுதுவாங்க? அப்பா மாதிரி சொந்தமா சேத்து எழுதிட மாட்டாங்கல்ல?" அந்த மேடம் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் பாட்டிலைத் தேடினார். அன்றைக்குச் சாயங்காலமே வண்டியில் என்னிடம் கேட்டாள், பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் எடுத்தால் டைப் அடித்தே எழுதிவிடலாமா என்று. மூடி பொறுக்குகிற பேச்சு இப்போது இல்லை.

மறுநாள் கம்பெனியில் மண்ணாங்கட்டிக்கு டீயும் பஜ்ஜியும் வாங்கிக்கொடுத்தேன். எதுக்கு சார் என்று பயந்துபோனான். சும்மா தின்னுடா என்றேன்.

இப்போது நான் இந்தக் கடிதமே எதற்காக எழுதினேனோ அதைச் சொல்கிறேன். பத்தாவதுக்குப் பெயர் கொடுக்கும்போதே இந்தச் சான்றிதழும் போகவேண்டும், இந்த மாதம் முப்பத்தொன்றுக்குள் பள்ளிக்கூடத்தில் கொடுக்கவேண்டும் என்று நாராயணசாமி சார் சொல்லியிருக்கிறார். அறிக்கை தயாராக இருக்கிறது. உன் படிவம் ஒன்றுதான் பாக்கி. நானே நிரப்பிவிடலாம் என்று உட்கார்ந்து பார்த்தேன். எந்த மாதத்தில் தவழ்ந்தாள், முதலில் என்ன வார்த்தை சொன்னாள், செருப்பை இடம்வலம் மாற்றிப் போடுவாளா, ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பாளா என்று முப்பது கேள்வி. இரண்டுக்குத்தான் எனக்குப் பதில் தெரிந்தது, அதிலும் ஒன்று அவள் பிறந்த தேதி. உன் எழுத்தில் நானே எழுதி, உன் கையெழுத்தையும் போட்டு முடித்திருக்கலாம், அது எனக்குக் கைவந்த கலைதானே. இனிமேல் இந்த வீட்டில் அந்த வேலை கிடையாது. நீ நிரப்பி, கையெழுத்துப் போட்டு, வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும் என்று மேடம் சொல்லிவிட்டார். புதன்கிழமை உன் கைக்கு வந்துவிடும். வியாழக்கிழமைக்குள் அனுப்பிவிடு.

இன்னொன்று. போன தீபாவளிக்கு நீ போனில் சொன்னாயே, நான் கூட இருந்திருந்தால் பிள்ளை படிப்பில் இப்படி ஆகியிருக்குமா என்று. சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டாய். அது உனக்குள் கிடந்து அரிக்கிறது என்று எனக்குத் தெரியும். டெஸ்ட் வேண்டாம் என்று நீ சொல்வதும் அதனால்தான் என்று இப்போது நினைக்கிறேன். வினோதா மேடம் முதல் வகுப்புப் பக்கத்தை எனக்குக் காட்டினார். நீ பக்கத்தில் இருந்தபோது, உன் மடியில் உட்கார்ந்து எழுதின பக்கம். அதில் இருப்பதும் ஒன்பதாவதில் இருப்பதும் ஒரே சிக்கல்தான். நீ போனதால் வந்தது இல்லை, குழலி. உன் நோட்டே அதற்குச் சாட்சி. நீ ரப்பரைக் கீழே வைத்த அந்த ஒரு நாள்தான் பத்து வருஷத்திலும் அவளுக்கு உதவியிருக்கிறது.

கோபம் இருந்தால் என்மேல் வைத்துக்கொள். நேரில் வந்து திட்டுகிற வரைக்கும் பத்திரமாக வைத்திரு. அவளிடம் மட்டும், தெரிந்துவிட்டது என்று சொல்லிச் சிரி. அதற்குத்தான் அவள் காத்துக்கொண்டிருக்கிறாள். கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. மணக்குள விநாயகர் உன்னை ஒரு குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும்.

இந்தக் கடிதத்தின் கீழே பாப்பாவும் எழுதியிருக்கிறாள். இருபது நிமிஷம் ஆனது. நான் அடுப்படியில் போய் நின்றுகொண்டேன், எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு புள்ளியைக்கூட நான் தொடவில்லை. மெதுவாகப் படி. புரியாத இடம் இருந்தால் போன் பண்ணி அவளையே கேள், என்னைக் கேட்காதே.

உன் வரவையும் பதிலையும் பார்த்திருக்கும்,
எழிலரசன்

அமமா இது நான் எழுதனது. அபபா இல்ல. போட்டே எல்லாம் பொய் சாரி. நீ பாரம் எழுது. எனகு பத்தவது படிகனும். மிகசி வாங்கிடு வா.
சுடர்விழ